ஒளியே சாட்சி: தொலைதூர விண்மீன் மண்டலக் கொத்துகளின் வரலாறு

சித்திரை பிறக்கும் நாள்களில், இரவு பதினோரு மணியளவில், தாம்பரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நின்று நேர் மேலே அண்ணாந்து பார்ப்பவருக்குச் சிறப்பாக ஒன்றும் தென்படாது. உச்சிக்குச் சற்று மேற்கே சிம்ம ராசியின் வால்நுனியாகிய உத்திரம் மின்னும். மேனாட்டார் அதற்கு வழங்கும் 'தெனெபோலா' என்னும் பெயர், சிங்கத்தின் வால் எனப் பொருள்படும் 'தனபுல் அஸத்' என்ற அரபுத் தொடரின் திரிபேயாகும். தென்கிழக்கே சித்திரை விண்மீன் வெண்மையாக ஒளிரும். இவ்விரண்டுக்கும் வடக்கிலும் இடையிலுமாக, நம் தலைக்கு நேர் மேலே விரிந்திருக்கும் வான்பகுதி வெறுமையாகவே தோன்றும்.

ஆனால் அது வெறுமையன்று. கன்னிக் கொத்து எனப்படும் மாபெரும் திரள் அங்கேதான் உள்ளது. ஆங்கிலத்தில் காலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் ஒன்றுகூடியுள்ளன. கொத்தின் நடுவே வீற்றிருக்கும் எம் 87 என்ற பெருமண்டலம், தாம்பரத்தின் உச்சிப் புள்ளிக்கு ஏறக்குறைய அரைப் பாகை தெற்கே, அதாவது முழுநிலவின் அகல அளவே விலகி, வானைக் கடந்து செல்கிறது. சுமார் 5.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட ஒளி இன்று நம் மாடிகளின் மீது விழுந்துகொண்டிருக்கிறது.

இதனைக் கேட்ட கல்லூரி மாணவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார்: "அங்கே யாரும் போனதில்லை, போகவும் முடியாது. பிறகு எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? இதுவும் ஒருவகை நம்பிக்கைதானே?" அவருடைய ஐயம் நியாயமானது. சான்று கேட்கும் உரிமை அறிவைத் தேடும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தச் சான்று எது, அது எவ்வாறு சோதிக்கப்படுகிறது, எந்த இடத்தில் அது போதாமல் நிற்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒளி கொண்டுவரும் செய்தி

விண்ணிலிருந்து நமக்குக் கிடைக்கும் சான்று பெரும்பாலும் ஒளி ஒன்றுதான். அந்த ஒளியை எப்படி நம்புவது என்ற கேள்வி மிகப் பழையது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்பதைச் சோதனைகளால் நிலைநாட்டினார். அந்நூலுக்கு விரிவுரை எழுதிய கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு ஆராய்ந்தார். ஒளி அதனுள் வளைந்தும் எதிரொளித்தும் வெளிவருவதால் வானவில் உண்டாவதை விளக்கினார். இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில், ஆந்திரமேதா உடுத்தொகுதியில் ஒரு சிறு மேகம் தெரிவதாகக் குறித்துவைத்தார். நம் பால்வீதிக்கு வெளியே உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தைப் பற்றி இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துக் குறிப்பு அதுவே. அந்த மேகம் எத்தகையது என்பதை அவர் அறிய வழியில்லை. கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் பதிந்தமையே அவர் செய்த தொண்டு.

அதன் இயல்பை அறியும் கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தது. முப்பட்டகத்தின் வழியே செல்லும் ஒளி வண்ணங்களாகப் பிரிந்து விரிவதை நிறமாலை என்கிறோம். 1814இல் ஃபிரான்ஹோஃபர் என்ற ஜெர்மானியர் சூரியனின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கரிய கோடுகளைக் கண்டு வரிசைப்படுத்தினார். 1859இல் கிர்க்காஃபும் புன்சனும் அவற்றின் பொருளைக் கண்டுபிடித்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழும் அல்லது விழுங்கும். வெப்பமுற்ற மெல்லிய வாயு ஒளிமிக்க வரிகளைத் தரும். பின்னாலிருந்து வரும் ஒளியைக் குளிர்ந்த வாயு மறித்தால் அதே இடங்களில் கருவரிகள் தோன்றும். மனிதரின் கைரேகை போன்றவை இவ்வரிகள். எவ்வளவு தொலைவில் இருந்தாலும் ஹைட்ரஜனின் வரிசை ஹைட்ரஜனுடையதே. கால்சியத்தின் இரட்டைக் கோடு கால்சியத்தினுடையதே.

இக்கருவியின் முதல் வெற்றிகளில் ஒன்று நம் பழைய சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரரும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக்கூடத் தலைவர் போக்சனும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்தனர். அந்த ஆண்டின் ஆய்வுகளில் வெளிப்பட்ட ஒரு மஞ்சள் வரி, அதுவரை பூமியில் அறியப்படாத தனிமம் ஒன்றைச் சுட்டியது. அதுவே ஹீலியம். 1895இல்தான் அது பூமியில் கைக்கு அகப்பட்டது. போய்த் தொடாமலே ஒரு பொருளை அறிய முடியும் என்பதற்கும், அந்த அறிவு பின்னர் சோதித்து உறுதி செய்யப்படக்கூடியது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

வாசகர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பழைய குறுந்தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்துத் தெருவிளக்கின் பிரதிபலிப்பை நோக்குங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீலம் முதல் சிவப்பு வரை தொடர்ந்த பட்டையாகத் தெரியும். பழைய மஞ்சள் சோடிய விளக்கின் ஒளியோ துண்டுதுண்டாக, பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் திரண்டு காணப்படும். விளக்கைக் கழற்றிப் பார்க்காமலே அதனுள் இருப்பது எதுவென நாம் அறிந்துவிடுகிறோம். வானியலாளர் செய்வதும் இதுவே.

அருகில் தெரிவது அருகில் இல்லை

விண்மீன் மண்டலக் கொத்து ஒன்றை ஆராய்வோர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல், அதில் உண்மையான உறுப்பினர் யார் என்பது. புகைப்படத்தில் அடுத்தடுத்துத் தெரியும் இரு மண்டலங்களில் ஒன்று நமக்கு அருகிலும் மற்றொன்று அதைவிடப் பன்மடங்கு தொலைவிலும் இருக்கக்கூடும். தாம்பரம் தொடர்வண்டி மேம்பாலத்தில் நின்று பார்த்தால் அருகிலுள்ள மின்கம்பமும் தொலைவிலுள்ள மலையும் ஒட்டி நிற்பதுபோல் தெரிகின்றன அல்லவா? வானம் அதைவிட ஏமாற்றும்.

தொலைவை அளக்கும் கலையில் சென்னையின் தென்புறநகருக்குச் சிறப்பான ஓர் இடமுண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன், பரங்கிமலையை ஒரு முனையாகக் கொண்டு தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடித்தளம். அடிக்கோடு தெரிந்தால், அதன் இரு முனைகளிலிருந்து நோக்கும் கோணங்களைக் கொண்டு எட்டாத இடத்தின் தொலைவைக் கணக்கிடலாம். பூமியின் சுற்றுப்பாதையையே அடிக்கோடாகக் கொண்டு அருகிலுள்ள விண்மீன்களின் தொலைவையும் இவ்வாறே அளக்கின்றனர். ஆயின் விண்மீன் மண்டலங்கள் இருக்கும் தொலைவில் அந்தக் கோணங்கள் அளக்க முடியாத அளவு நுண்மையாகிவிடுகின்றன. அங்கே நமக்குத் துணை நிற்பது நிறமாலை.

பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது. நீண்ட பயணத்தில் ஒளி அலைகளும் அந்த விரிவோடு நீள்கின்றன. எனவே நிறமாலை வரிகள் தமக்குரிய இடத்திலிருந்து சிவப்பை நோக்கி நகர்ந்து காணப்படும். இதுவே செம்பெயர்ச்சி. ஆக்சிஜன் வாயுவின் ஒரு வரி ஆய்வகத்தில் 3727 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் தோன்றுகிறது. அதே வரி ஒரு தொலைதூர மண்டலத்தின் ஒளியில் 7454 ஆங்ஸ்ட்ராமில் காணப்பட்டால், அலை இருமடங்கு நீண்டுள்ளது என்று பொருள். அதன் செம்பெயர்ச்சி 1. அந்த ஒளி ஏறக்குறைய 780 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. ஒரு வரியை மட்டும் நம்பி இதைச் சொல்வதில்லை. ஹைட்ரஜன், கால்சியம் முதலிய பிற வரிகளும் அதே விகிதத்தில் நகர்ந்திருக்க வேண்டும். பல சாட்சிகள் ஒத்துச் சொன்னால்தான் தீர்ப்பு.

இந்த முறையின் வலிமைக்கு இந்தியச் சான்று ஒன்றுண்டு. 2017இல் புனே நகரிலுள்ள வானியல், வான் இயற்பியல் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான மையத்தைச் சேர்ந்த ஜாய்தீப் பாக்சியும் அவருடைய குழுவினரும், மீன ராசித் திசையில், சுமார் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒரு மாபெரும் மீக்கொத்தைக் கண்டறிந்து சரசுவதி எனப் பெயரிட்டனர். நாற்பதுக்கும் மேற்பட்ட கொத்துகளும் குழுக்களும் சுமார் 60 கோடி ஒளியாண்டு அகலத்தில் அதில் இணைந்துள்ளன. புகைப்படங்களில் அது யார் கண்ணுக்கும் தனியே தெரிந்ததில்லை. அமெரிக்காவிலுள்ள ஸ்லோன் தொலைநோக்கி திரட்டி உலகுக்கு வெளியிட்ட நிறமாலைகளிலிருந்து ஒவ்வொரு மண்டலத்தின் செம்பெயர்ச்சியையும் எடுத்து, மூன்று பரிமாணங்களில் அடுக்கியபோதுதான் அந்தச் சுவர் புலப்பட்டது. அக்குழுவில் கேரளத்தின் தொடுபுழா என்ற சிற்றூரிலுள்ள கல்லூரி ஒன்றின் ஆசிரியரும் இடம்பெற்றிருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கொத்து என்னும் பேரூர்

கொத்து ஒன்றில் சில நூறு முதல் ஆயிரக்கணக்கான மண்டலங்கள் வரை இருக்கலாம். ஆயின் மண்டலங்கள்தாம் கொத்து என்று எண்ணுவது பிழை. அவற்றின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்தாலும் மொத்த நிறையில் மிகச் சிறு பங்கே. மண்டலங்களுக்கிடையே ஒரு கோடி முதல் பத்துக் கோடிப் பாகை வரை வெப்பமுள்ள மெல்லிய வாயு நிறைந்து, எக்ஸ் கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. எஞ்சிய பெரும்பங்கு நாம் இன்னும் இயல்பறியாத கரும்பொருள். 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்தின் மண்டலங்களுடைய செம்பெயர்ச்சிகளை ஒப்பிட்டு, அவை பாய்ந்து திரியும் வேகத்துக்குக் கண்ணில் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவே போதாது எனக் கண்டார். கரும்பொருள் பற்றிய சிந்தனை வேரூன்றியது இவ்வாறு ஒரு கொத்தின் நிறமாலைகளிலிருந்தே.

கொத்துகளில் வாழும் மண்டலங்கள் வெளியே தனித்து வாழ்பவற்றினின்று வேறுபட்டவை. நம் பால்வீதி போன்ற சுருள் மண்டலங்கள் வாயு வளம் மிக்கவை. அவற்றில் புதிய விண்மீன்கள் பிறந்தவண்ணம் உள்ளன. இளம் விண்மீன்களால் நீலச் சாயல் பெற்றவை. கொத்தின் நடுவில் இருப்பவையோ பெரும்பாலும் நீள்வட்ட வடிவும் வில்லை வடிவும் கொண்டு, சிவந்து, புதுப் பிறப்பு ஓய்ந்தவை. 1980இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெருக்கம் கூடக் கூடச் சுருள் மண்டலங்களின் பங்கு சீராகக் குறைவதைக் காட்டினார்.

இங்கே ஒரு பெருங்கேள்வி எழுகிறது. இவை பிறப்பிலேயே இப்படி அமைந்தவையா, அல்லது கொத்துக்குள் வந்த பிறகு சூழலால் இப்படி மாறியவையா? மனித வாழ்வைப் பற்றி நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியே இது.

இதற்கு விடை காணத் தொலைதூரக் கொத்துகள் உதவுகின்றன. தொலைவில் பார்ப்பது என்பது கடந்த காலத்தைப் பார்ப்பது. 1978லும் 1984லும் புச்சர், ஓம்லர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுகள், பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொத்துகளில் நீலநிற மண்டலங்கள் இன்றைவிட மிகுதி என்று கூறின. அது உண்மையானால் கொத்துகளுக்குள் மண்டலங்கள் மாறியிருக்கின்றன. ஆனால் அந்த நீல மண்டலங்கள் கொத்தைச் சேர்ந்தவையா, முன்னேயும் பின்னேயும் இருந்து படத்தில் கலந்தவையா என்று பலர் ஐயுற்றனர். வண்ணத்தை மட்டும் கொண்டு அந்த வழக்கைத் தீர்க்க இயலவில்லை. நிறமாலை தேவைப்பட்டது.

ஏரி வற்றும் இரு வழிகள்

அந்தச் சாட்சியத்தைப் புரிந்துகொள்ளத் தாம்பரத்துக்காரர்களுக்கு ஓர் எளிய உவமை உண்டு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்கள் ஏரிகளால் வாழ்ந்தவை. ஓர் ஏரி இரண்டு வழிகளில் வற்றலாம். கரை உடைந்தால் நீர் ஒரே நாளில் வெளியேறிவிடும். வரத்துக் கால்வாய் அடைபட்டாலோ ஏரி உடனே வற்றாது. இருக்கும் நீரைக் கொண்டு சில காலம் பாசனம் நடக்கும். நாளடைவில் நீர் குறையும். குறையக் குறைய உப்பு மிகும். இறுதியில் தரை தெரியும். வற்றிய ஏரி இரண்டிலும் ஒன்றுபோலவே தெரியும். எப்படி வற்றியது என்பதை அறிய வண்டலைத்தான் ஆராய வேண்டும்.

விண்மீன் மண்டலத்துக்கு நீர் என்பது குளிர்ந்த வாயு. அதிலிருந்தே விண்மீன்கள் பிறக்கின்றன. நம் பால்வீதியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் நிறையளவு வாயு விண்மீன்களாகிறது. வெளியிலிருந்து புது வாயு வந்து சேர்வதால் இந்த வேளாண்மை தொடர்கிறது. ஒரு சுருள் மண்டலம் கொத்துக்குள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பாயும்போது, அங்குள்ள சூடான வாயு எதிர்க்காற்றாக அதன்மேல் மோதுகிறது. விரையும் வண்டியில் செல்பவரின் மேல்துண்டு பறப்பதுபோல மண்டலத்தின் வாயு பின்னோக்கிப் பிய்த்து எறியப்படுகிறது. இதனை 1972இல் கன், காட் என்போர் விளக்கினர். இது கரை உடைதல். வேறு சில மண்டலங்களில் உள்ளிருக்கும் வாயு தங்கிவிட, வெளியிலிருந்து வரும் புது வாயு மட்டும் தடைப்படுகிறது. 1980இல் லார்சன், டின்ஸ்லி, கால்டுவெல் ஆகியோர் முன்வைத்த இக்கருத்து வரத்து அடைபடுதலாகும். இவை தவிர, அண்டை மண்டலங்கள் அடிக்கடி அருகே பாய்ந்து செல்வதால் ஏற்படும் குலைவும், கொத்தை அடையுமுன்பே சிறு குழுக்களில் நேரும் மோதல்களும் உண்டு.

வரிகள் சொல்லும் வாக்குமூலம்

ஒரு மண்டலத்தின் நிறமாலை அதிலுள்ள கோடானுகோடி விண்மீன்களின் ஒளியும் வாயுவின் ஒளியும் ஒருங்கே கலந்தது. அதனுள் மூன்று காலங்களின் செய்தி பொதிந்துள்ளது.

நிகழ்காலத்தைச் சொல்பவை ஒளிர்வரிகள். புதிதாய்ப் பிறந்த பெருவிண்மீன்கள் தம்மைச் சூழ்ந்த வாயுவை ஒளிரச் செய்கின்றன. ஹைட்ரஜனின் 6563 ஆங்ஸ்ட்ராம் வரியும் ஆக்சிஜனின் 3727 வரியும் ஓங்கி நின்றால் அங்கே பிறப்பு நடக்கிறது. அப்பெருவிண்மீன்கள் ஒரு கோடி ஆண்டளவிலேயே மடிந்துவிடுவதால், பிறப்பு நின்றவுடன் இவ்வரிகளும் மறைகின்றன.

அண்மைக் கடந்தகாலத்தைச் சொல்பவை ஹைட்ரஜனின் ஆழ்ந்த கருவரிகள். சூரியனைவிடச் சற்றுப் பெரிய வெண்ணிற விண்மீன்களின் மேற்பரப்பில் இவை மிக ஆழமாக விழும். அத்தகைய விண்மீன்களின் ஆயுள் நூறு கோடி ஆண்டளவு.

தொன்மையைச் சொல்பவை கால்சியத்தின் 3934, 3968 ஆங்ஸ்ட்ராம் கருவரிகளும், அவற்றை அடுத்து 4000 ஆங்ஸ்ட்ராமில் ஒளி திடீரெனக் குறையும் படிக்கட்டும். முதிய விண்மீன்கள் மிகுந்தால் அந்தப் படி உயரமாகும்.

இப்போது வழக்குக்கு வருவோம். 1983இல் டிரெஸ்லரும் கன்னும், செம்பெயர்ச்சி 0.46 உடைய 3சி 295 என்னும் கொத்தின் நிறமாலைகளை வெளியிட்டனர். அந்த ஒளி நம் பூமி உருவாவதற்குச் சற்று முன்பே புறப்பட்டது. கொத்தின் உறுப்பினர் எனச் செம்பெயர்ச்சியால் உறுதியான சில மண்டலங்களில் விந்தையான ஒரு நிலை காணப்பட்டது. ஒளிர்வரி இல்லை, ஆகவே பிறப்பு நடக்கவில்லை. ஆனால் ஹைட்ரஜனின் கருவரிகள் மிக ஆழமாக இருந்தன. ஆகவே நூறு கோடி ஆண்டுகளுக்குள் பெருமளவில் பிறப்பு நடந்திருக்கிறது. ஆரவாரமாக நடந்த விழா ஒன்று திடீரென நின்று, பந்தல் மட்டும் எஞ்சியிருப்பதைப் போன்ற காட்சி. இவை பிறவியிலேயே ஓய்ந்தவை அல்ல, அண்மையில் நிறுத்தப்பட்டவை. கரை உடைந்த ஏரிகள் உண்டு என்பதற்கு வண்டலில் கிடைத்த சான்று இது.

அந்த நிகழ்ச்சியை நேரிலேயே காணவும் முடிகிறது. சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியின் மியூஸ் என்ற கருவி, ஒரு மண்டலத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தனித்தனி நிறமாலை எடுக்க வல்லது. ஏபெல் 85 என்ற கொத்துக்குள் நொடிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாயும் ஜேஓ 201 என்ற மண்டலத்தை அது ஆராய்ந்தது. வாயு நீண்ட இழைகளாகப் பின்னே தொங்குவதால் இத்தகையவற்றைச் சொறிமீன் மண்டலங்கள் என்பர். சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்கலம் இதே மண்டலத்தைப் புற ஊதாக் கதிர்களில் படம் பிடித்தது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கோஷி ஜார்ஜ் முதலானோர் 2018இல் அதனை வெளியிட்டனர். பறிக்கப்பட்ட வாயுவிலும், மண்டலத்துக்கு வெளியிலேயே, விண்மீன்கள் பிறந்துகொண்டிருப்பதை அப்படம் காட்டியது. உடைந்த கரைக்கு அப்பாலும் சில இடங்களில் நாற்று முளைக்கிறது.

வரத்து அடைபடுவதற்கும் சாட்சி உண்டு. தூய வாயு வந்து கலவாமல் உள்ளிருக்கும் வாயுவே மீண்டும் மீண்டும் விண்மீன்களாகும்போது, இறந்த விண்மீன்கள் கக்கும் இரும்பு முதலிய தனிமங்கள் அதில் செறிகின்றன; நீர் குறைந்த ஏரியில் உப்புச் செறிவது போல. 2015இல் பெங், மயோலினோ, காக்ரேன் ஆகியோர் நம் அண்மைப் பேரண்டத்தின் பல ஆயிரம் மண்டலங்களுடைய நிறமாலைகளை ஒப்பிட்டனர். ஓய்ந்த மண்டலங்களின் விண்மீன்களில் இத்தனிமங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, மிகப் பெரியவை நீங்கலான ஏனையவற்றில் வரத்து அடைபடுவதே முதன்மைக் காரணம் என்றும், ஓய்வதற்குச் சராசரியாக 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றும் முடிவு கூறினர். கொத்துக்குள் விழும் மண்டலங்களில் இரண்டும் தொடர்ந்து நிகழலாம் என்பது வேறு சில ஆய்வுகளின் முடிவு: நுழைந்து சில நூறு கோடி ஆண்டுகள் பெரிய மாற்றமின்றிக் கழிந்து, பின்னர் விரைவாக அடங்குகின்றன.

தொலைவு கூடக் கூட

செம்பெயர்ச்சி 1க்கு அப்பால் செல்லும்போது இடர்கள் பெருகுகின்றன. மண்டலங்கள் மிக மங்கலாகின்றன. ஹைட்ரஜனின் 6563 வரி 13,000 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே நம் வளிமண்டலமே தன் ஒளிர்வரிகளால் குறுக்கிடுகிறது. எட்டு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிகள் பல மணி நேரம் ஒரே இடத்தை நோக்கி ஒளியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்தால் ஆயுள் போதாது. எனவே முன்னதாக எடுத்த படத்தில் மண்டலங்கள் இருக்கும் இடங்களைக் குறித்து, தகட்டில் அவ்விடங்களில் மட்டும் நுண் பிளவுகள் வெட்டி, ஒரே நேரத்தில் பல மண்டலங்களின் நிறமாலைகளைப் பெறுகின்றனர்.

இவ்வாறு ஜெமினி தொலைநோக்கிகளைக் கொண்டு நடந்த கோகிரீன் ஆய்வு, செம்பெயர்ச்சி 1 முதல் 1.5 வரையுள்ள 21 கொத்துகளையும் குழுக்களையும் நோக்கியது. அதன் எல்லை ஏறக்குறைய 940 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்கே கிடைத்த விடை எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. அவ்வளவு பழங்காலத்திலேயே கொத்துகளில் ஓய்ந்த மண்டலங்கள் வெளியைவிட மிகுந்திருந்தன. ஆனால் அவற்றின் நிறைப் பரவல் வெளியே தாமாக ஓய்ந்தவற்றின் பரவலைப் பெரிதும் ஒத்திருந்தது. சூழல் பின்னர் வந்து மாற்றியதோடு, நெருக்கமான இடத்தில் பிறந்தவை முன்னதாகவே வளர்ந்து முன்னதாகவே ஓய்ந்தன என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆக, பிறவியா சூழலா என்ற கேள்விக்கு இன்றைய விடை இரண்டும் என்பதே. எந்தக் காலத்தில், எந்த நிறையில், எது எவ்வளவு என்பதே இப்போதைய வழக்கு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அறிவியல் தன் நம்பகத்தை ஈட்டுவது எல்லாம் தெரியும் என்று சொல்வதால் அன்று; எதுவரை சாட்சி உண்டோ அதுவரை மட்டும் பேசுவதால்.

நம் தலைக்கு மேல் உள்ள வானம்

இவையெல்லாம் எங்கோ, யாரோ செய்பவை என்ற எண்ணம் நம் இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. அது வரலாற்றுக்கு முரணானது. சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு, ஐதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய தந்தையின் நிழலில் வளர்ந்தவர். சற்றுமுன் நாம் கண்ட கால்சியத்தின் 3934 வரியை அவர் ஆராய்ந்து, குளிர்ந்த விண்மீன்களில் அவ்வரியின் நடுவே எழும் ஒளிர்வின் அகலத்துக்கும் அவற்றின் உண்மை ஒளிக்கும் உள்ள தொடர்பை வில்சன் என்பவரோடு சேர்ந்து 1957இல் நிலைநாட்டினார். அது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. சவ்வாது மலையில் காவலூரில் வானாய்வுக்கூடம் அமைந்தது அவர் முயற்சியால்தான். அங்கு 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 940 கோடி ஆண்டுப் பழைமையான மங்கல் மண்டலங்களின் நிறமாலைக்கு அந்த ஆடி சிறியது. அருகிலுள்ளவற்றுக்கும் பயிற்சிக்கும் போதுமானது.

மேலும், இன்று பெரிய தொலைநோக்கியின் உரிமை இல்லாதவரும் அதன் நிறமாலைகளைப் பெறலாம். ஸ்லோன் அளவையின் தரவுகள் எவருக்கும் திறந்துள்ளன. ஐயாயிரம் ஒளியிழைகளோடு இயங்கும் டெசி என்ற கருவியின் முதற்பெருந்தொகுதி 2025 மார்ச்சில் கோடிக்கு மேற்பட்ட பொருள்களின் நிறமாலைகளோடு வெளியாயிற்று. தொடுபுழாவில் ஓர் ஆசிரியருக்கு இயன்றது தாம்பரத்திலும் வண்டலூரிலும் உள்ள கல்லூரிகளில் இயலாதது அன்று. தேவைப்படுவது கணினியும் கணிதமும் பொறுமையுமே.

ஆயின் ஒன்றை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். பழைய சோடிய விளக்குகள் வானத்தை மஞ்சளாக மட்டும் கறைப்படுத்தின. நிறமாலையின் ஏனைய பகுதிகள் ஓரளவு தப்பின. வெள்ளை விளக்குகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவுவதால் ஒதுங்க இடமில்லை. கீழே தேவைப்படும் வெளிச்சம் மேலே வீணாகாதபடி மூடியிட்ட விளக்குகளை அமைத்தாலே பாதி இழப்பு மீளும். அஸ்ஸூஃபி வெறுங்கண்ணால் கண்ட அந்தச் சிறு மேகத்தைத் தை மாத முன்னிரவில் வடமேற்கு வானில் தேடும் நம் பிள்ளைகள் இன்று வெறும் சாம்பல் வெளியையே காண்கின்றனர். பார்த்திராத ஒன்றைப் பற்றி ஐயம் கொள்ளவும் கேள்வி கேட்கவும் மனம் எப்படி எழும்?

அந்த மாணவருக்கு நான் சொல்ல விரும்பும் விடை இதுவே. கேள்வி கேட்காமல் ஏற்கும் நம்பிக்கை இங்கில்லை. ஒவ்வொரு வரியும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு முடிவும் பிற வரிகளோடு ஒப்பிடப்பட்டது. தரவு முழுவதும் மறுப்பவர் கையிலும் கொடுக்கப்பட்டுள்ளது. அடுத்த சித்திரையில் இரவு பதினோரு மணிக்கு மாடிக்கு வாருங்கள். நேர் மேலே எதுவும் தெரியாது. ஆயினும் அங்கிருந்து ஒளி வந்துகொண்டே இருக்கிறது, 5.4 கோடி ஆண்டுகள் நடந்து வந்த அச்சாட்சி, தன்னை விசாரிப்பவருக்காகக் காத்திருக்கிறது.